காப்பர் மருந்து இரண்டு, மீட்டர் ஒன்று: கடல்மீன் தனித்தொட்டிக்கு எதை முதலில் வாங்குவது?

புது மீனைப் பெரிய தொட்டியில் விடுமுன் தனித்தொட்டியில் வைத்து, ஒட்டுண்ணிகளைக் கொல்லக் காப்பர் (செம்பு) போடுவதென்று முடிவு செய்துவிட்டவர்கள், மருந்து பாட்டிலுக்கு முன்னால் மீட்டருக்குக் காசை எடுத்து வையுங்கள். கடல்மீன் வளர்ப்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் இரண்டு காப்பர் மருந்துகளையும், அவற்றை அளக்கும் ஒரு சிறு கருவியையும் இங்கே பார்க்கப்போகிறோம்: சீகெம் குப்ரமைன், காப்பர் பவர், ஹன்னா ஹெச்ஐ702 செக்கர். மருந்து இரண்டுமே நல்ல மருந்து. ஆனால் அளக்காமல் ஊற்றினால், கூடிப்போனால் விஷம், குறைந்துபோனால் வெறும் தண்ணீர். இடையில் இருக்கும் அந்தக் குறுகிய எல்லைக்குள் முப்பது நாள் நிற்க வேண்டும். கண்ணால் பார்த்து இதைச் செய்யவே முடியாது.

ஏன் இவ்வளவு கறார் என்றால், காப்பர் எதைக் கொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி, மீன் உடம்பில் உப்பைத் தூவினாற்போலத் தெரிகிற கட்டத்தில், மேல்தோலுக்கு அடியில் பதுங்கியிருக்கிறது. அங்கே காப்பர் போய்ச் சேராது. மூன்று முதல் ஏழு நாளில் தின்று கொழுத்து உதிரும். தொட்டியின் அடியிலோ பைப்பிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள்ளும் காப்பர் நுழையாது. உள்ளே பல மடங்காகப் பிரிந்து, ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் நீந்தும் குஞ்சுகள் வெளியே வரும். அவை அடுத்த மீனைத் தேடி அலையும் ஒன்றிரண்டு நாள்தான் காப்பருக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

எல்லாக் கூடும் ஒரே நாளில் வெடிப்பதில்லை. சில மூன்று நாளில் வெடிக்கும், சில நான்கு வாரம் எடுக்கும். ஆய்வகத்தில் 72 நாள் வரை தாமதித்து வெடித்த கூடுகளும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே இருபது நாள் சரியாக வைத்திருந்து, இருபத்தோராம் நாள் அளவு இறங்கிவிட்டால், அன்று வெடித்த கூட்டின் குஞ்சுகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான். எண்ணிக்கை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. "புள்ளி மறைந்துவிட்டது, குணமாகிவிட்டது" என்று நாலாம் நாளே நிறுத்துகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். புள்ளி மருந்தில்லாமலும் தானாக உதிரும். உதிர்ந்தது அடியில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும்.

வெல்வெட் நோயை உண்டாக்கும் அமிலூடினியம் என்ற ஒட்டுண்ணி இன்னும் மோசம். ஒரு கூட்டிலிருந்து 256 வரை வெளிவரும். முதலில் செவுளைத்தான் பிடிக்கும், அதனால் உடம்பில் பொன்தூள் தெரிவதற்கு முன்பே மீன் போய்விடலாம். பம்பின் நீரோட்டத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது, மூச்சு வாங்குவது, வெளிச்சத்துக்கு ஒதுங்குவது, தீனியைத் தொடாதது எல்லாம் சேர்ந்து தெரிந்தால் வெல்வெட் என்றே எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருந்தைத் தொடங்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட நேரம் கிடையாது.

முதலில் லிட்டர் கணக்கு

மருந்தைப் பற்றிப் பேசுமுன் தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கடைகளில் "ரெண்டடி தொட்டி" என்று விற்கும் 24×12×15 அங்குலத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி அளவை அப்படியே பெருக்கினால் கிட்டத்தட்ட 70 லிட்டர் வரும். ஆனால் 6 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் உள் நீளம் 59.8 செ.மீ., உள் அகலம் 29.3 செ.மீ. மீன் குதித்துவிடாமல் 33 செ.மீ. உயரத்துக்குத்தான் தண்ணீர் ஊற்றுவோம். பெருக்கிப் பாருங்கள், 58 லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு.

இந்தப் பன்னிரண்டு லிட்டர் வித்தியாசம் என்ன செய்யும்? குப்ரமைன் லேபிளில் உள்ளது 40 லிட்டருக்கு 1 மி.லி., 48 மணி நேரம் கழித்து மறுபடி அதே அளவு. இரண்டு டோஸும் சேர்ந்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காப்பர் ஆகும். 58 லிட்டருக்கு ஒரு டோஸ் 1.45 மி.லி. எழுபது லிட்டர் என்று நினைத்து 1.75 வீதம் இரண்டு முறை ஊற்றினால் 0.60-க்குப் போய் நிற்கும். மீன் தீனியை விடுவது பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான். தண்ணீர் ஊற்றும்போதே ஒரு அளவு வாளியால் எண்ணி ஊற்றி, மட்டத்தில் மார்க்கர் கோடு போட்டுவிடுவது இதைவிடச் சுலபம். அந்தக் கோடு பின்னாலும் உதவும்.

குப்ரமைன்

இதில் காப்பர் அயனி அமைனோடு பிணைந்து இருக்கிறது. மயில்துத்தத்தைவிட (காப்பர் சல்பேட்) நிதானமானது, காப்பர் பவர் போன்ற சீலேட் செய்த மருந்துகளைவிட வேகமானது. சிக்கனமும் கூட. 58 லிட்டர் தொட்டிக்கு மொத்தமே 2.9 மி.லி. போதும், ஒரு சின்ன பாட்டில் பல மீன்களுக்கு வரும்.

எல்லை மட்டும் குறுகல். இலக்கு 0.5. 0.4-க்குக் கீழே போனால் வேலைக்கு நம்ப முடியாது, 0.6-ஐத் தாண்டினால் மீன் தாங்காது. துல்லியமாக ஊற்ற மருந்துக்கடையில் கிடைக்கும் 1 மி.லி. சிரிஞ்ச் வேண்டும். மூடியால் அளப்பதெல்லாம் இதற்கு ஆகாது. லேபிளில் உள்ள வேகத்தைவிட மெதுவாக, நான்கு பங்காக்கி நான்கு நாளில் ஏற்றுவது நல்லது. மீனின் கல்லீரலுக்கு அந்த அவகாசம் உதவும்.

இந்த மருந்தின் பெரிய கண்ணி வேறொன்று. குளோரின் நீக்கி, அம்மோனியா கட்டும் திரவம் போன்றவற்றை, அதே சீகெம் நிறுவனத்தின் பிரைம் உட்பட, இதோடு சேர்க்கவே கூடாது. அவை காப்பரின் வேதி நிலையை மாற்றி மீனுக்குப் பல மடங்கு நஞ்சாக்கிவிடும். தனித்தொட்டியில் அம்மோனியா ஏறினால் கை முதலில் பிரைம் பாட்டிலுக்குத்தான் போகும். அந்தக் கையைத் தடுக்க பாட்டிலை வேறு அலமாரியில் வைப்பதே வழி. காப்பர் தொட்டியில் அம்மோனியா ஏறினால் தண்ணீர் மாற்றுவது ஒன்றுதான் மருந்து.

லேபிள் 14 நாள் என்கிறது. அது தப்பில்லை, ஆனால் அரைகுறையாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. பதினாலு நாளில் மீன் உடம்பில் இருந்தவை எல்லாம் உதிர்ந்துவிடும், புதிதாக ஏறியிருக்காது. மீன் சுத்தம், தொட்டி சுத்தமில்லை. அடியில் இன்னும் கூடுகள் இருக்கும். பதினைந்தாம் நாள் மீனைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்ற முடிந்தால் 14 நாள் போதும். அந்தத் தொட்டி குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும், ஏனென்றால் வெல்வெட் காற்றுக்குமிழி வெடிக்கும் நுண்துளிகளில் கூடப் பயணிக்கிறது. இரண்டாவது தொட்டி இல்லாதவர்கள் முப்பது நாள் வைத்திருப்பதே பாதுகாப்பு.

காப்பர் பவர்

இது சீலேட் செய்த காப்பர். அதாவது ஒவ்வொரு காப்பர் அயனியையும் வேறொரு மூலக்கூறு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனால் மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும். ஆகவே இலக்கு எண்ணும் பெரிது: 2.25 முதல் 2.5 வரை. குப்ரமைனில் 2.5 என்பது சாவு. காப்பர் பவரில் 0.5 என்பது ஒன்றுமில்லை. ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றுக்கு வைத்துப் பார்ப்பதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிகப் பெரிய விபத்து. தொட்டியின் மேலேயே எந்த மருந்து, எந்த இலக்கு என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு மருந்தையும் ஒரே தண்ணீரில் கலக்காதீர்கள். கலந்தால் மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

இரண்டில் எங்கள் ஓட்டு இதற்குத்தான். காரணம் மூன்று. மீன்கள் நன்றாகத் தாங்குகின்றன, குறிப்பாகக் குள்ள ஏஞ்சல்கள், ராஸ் வகைகள் போன்ற தொட்டாற்சிணுங்கிகள். தண்ணீரில் நிலையாக நிற்கிறது, நாளுக்கு நாள் எண் அதிகம் ஆடாது. மூன்றாவது காரணம் மீட்டரைப் பொறுத்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

லேபிள் சொல்லும் முழு டோஸைக் கணக்கிட்டு, ஐந்து பங்காக்கி நாளுக்கொன்றாக ஊற்றுங்கள். மீட்டரில் கிட்டத்தட்ட 0.5, 1.0, 1.5, 2.0, 2.4 என்று படி ஏறி வர வேண்டும். மருந்தை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரில் கலந்து, காற்றுக்கல் பொங்கும் இடத்தில் மெதுவாக விடுங்கள். வெல்வெட் கண்ணில் பட்டுவிட்டால் ஐந்து நாள் படியேற்றம் வேண்டாம். முதல் நாளே 1.5-க்குக் கொண்டுவந்து, அடுத்த ஒன்று இரண்டு நாளில் இலக்கைத் தொட வேண்டும். முப்பது நாள் கணக்கு 2.25-ஐத் தொட்ட நாளிலிருந்துதான் தொடங்கும், முதல் சொட்டு விழுந்த நாளிலிருந்து அல்ல.

குறை என்று பார்த்தால், சீலேட் காப்பரைத் தண்ணீரிலிருந்து எடுப்பது மெதுவான வேலை. கார்பனும் தண்ணீர் மாற்றமும் பல நாள் தேவைப்படும். புற ஊதா விளக்கு இருந்தால் அணைத்துவையுங்கள். அது பிணைப்பை உடைத்துக் காப்பரைத் திடீரென்று விடுவிக்கக்கூடும்.

மயில்துத்தம் போதாதா?

போதும், அளக்க முடிந்தால். பெரிய மீன்காட்சியகங்களும் பண்ணைகளும் காப்பர் சல்பேட்டைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்துகின்றன. ஆனால் அதன் இலக்கு 0.15 முதல் 0.20 வரைதான். கடல்நீரின் காரத்தன்மையில் அது படிந்துகொண்டே போகும், தினமும் அளந்து ஈடு செய்ய வேண்டும். இங்கே பேசும் ஹன்னா மீட்டரின் பிழை வரம்பே 0.05-க்கு மேல். 0.18 என்று காட்டினால் உண்மையில் 0.12 ஆகவும் இருக்கலாம், 0.24 ஆகவும் இருக்கலாம். உரக்கடையில் வாங்கும் மயில்துத்தத்தில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பதும் தனிக் கேள்வி. அதேபோல, லேபிள் இல்லாத பாட்டிலில் நீலத் திரவத்தை ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அயனியா, சீலேட்டா என்று தெரியாவிட்டால் இலக்கு எண்ணே கிடையாது, அப்புறம் மீட்டர் இருந்தும் பயனில்லை.

ஹன்னா ஹெச்ஐ702

உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. ஒரு பட்டன், ஒரு சிறிய திரை, மேலே சின்னக் கண்ணாடிக் குப்பி வைக்கும் குழி. 0.00 முதல் 5.00 வரை அளக்கும். ஒரு ஏஏஏ பேட்டரி போதும். இதே நிறுவனத்தின் ஹெச்ஐ747 என்ற கருவியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அது குறைந்த அளவுக்கானது, பிபிபி-யில் (லிட்டருக்கு மைக்ரோகிராம்) 999-க்கு மேல் காட்டாது. காப்பர் பவருக்கு அது உதவாது. வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

அளக்கும் முறை இப்படி. தொட்டித் தண்ணீர் 10 மி.லி. குப்பியில் கோடு வரை. மூடி, துடைத்து, உள்ளே வைத்துப் பட்டனை அழுத்தினால் பூஜ்யம் பதியும். வெளியே எடுத்து ஒரு பாக்கெட் பவுடர் போட்டு, பதினைந்து விநாடி மெதுவாகக் குலுக்கி, திரும்ப வைத்துப் பட்டனை அழுத்திப் பிடித்தால் கவுண்ட்டவுன் ஓடும், எண் வரும். காப்பர் இருந்தால் தண்ணீர் ஊதா நிறமாகும். 0.5-இல் வெளிறிய கத்தரிப்பூ நிறம், 2.4-இல் நல்ல அடர் ஊதா. வண்ண அட்டையோடு ஒப்பிடும் டெஸ்ட் கிட்டுகளில் இந்த இரண்டையும் பிரித்துவிடலாம். ஆனால் 2.0-க்கும் 2.4-க்கும் உள்ள வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. மீட்டர் தன் விலைக்கு ஈடு கொடுப்பது அங்கேதான்.

பிழை வரம்பு என்று ஹன்னா கொடுப்பது: 0.05, அதோடு காட்டும் எண்ணில் 5 சதவீதம். 2.4 காட்டினால் உண்மை 2.23-க்கும் 2.57-க்கும் இடையே, அதாவது ஏழு சதவீதம் ஆட்டம். 0.5 காட்டினால் 0.425-க்கும் 0.575-க்கும் இடையே, பதினைந்து சதவீத ஆட்டம். ஒரே மீட்டர்தான், ஆனால் காப்பர் பவரை அளக்கும்போது இருமடங்கு நம்பலாம். மேலே பாக்கி வைத்த மூன்றாவது காரணம் இதுதான்.

எண் தப்பாக வருவது பெரும்பாலும் கருவியால் அல்ல, கையால். குப்பியின் வெளிப்புறத்தில் விரல் ரேகையோ ஒரு துளி நீரோ இருந்தால் எண் ஏறும். பழைய பருத்தி பனியன் துணியை விட, கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி நல்லது, நூல் ஒட்டாது. குலுக்கியபின் உள்சுவரில் ஒட்டும் நுண்குமிழிகளும் எண்ணை உயர்த்தும். குப்பியை லேசாகத் தட்டிச் சுழற்றி அவற்றை மேலேற்றிவிட்டு அளவிடுங்கள். பாக்கெட்டின் மூலையில் பவுடர் தங்கிவிட்டால் எண் இறங்கும். பாக்கெட்டை நுனிவரை திறந்து, நடுவே மடித்து ஓடை மாதிரி ஆக்கிக் கொட்டினால் முழுதும் விழும். பூஜ்யத்துக்கு ஒரு குப்பி, அளவுக்கு இன்னொன்று என்று மாற்றாதீர்கள். இரண்டுக்கும் அதே குப்பி, குழியில் அதே முகம் பார்த்து. குப்பியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் போதும். ஏசி அறையிலிருந்து எடுத்த கண்ணாடி, சென்னை மாதிரி ஊரின் ஈரக்காற்றில் பனிக்கும். இரண்டு நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் துடையுங்கள். அதே ஈரத்தில் பவுடர் பாக்கெட்டுகளும் கட்டிதட்டும். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

சந்தேகம் வந்தால் சரிபார்க்க ஹன்னாவே ஹெச்ஐ702-11 என்ற தரக் குப்பிகளை விற்கிறது. அது இல்லாதபோது குப்ரமைன் பாட்டில் கைகொடுக்கும். லேபிள் கணக்குப்படி அதன் 1 மி.லி.யில் 10 மில்லிகிராம் காப்பர் இருக்கிறது. 10 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் சரியாக 1 மி.லி. விட்டு நன்றாகக் கலக்கினால் 1.00 காட்ட வேண்டும். 0.90-இலிருந்து 1.10-க்குள் இருந்தால் கருவி நலம்.

செலவு பற்றி ஒன்று. பெட்டியோடு வருவது ஆறு பாக்கெட்டுதான், தனியாக வாங்கும் டப்பாவில் இருபத்தைந்து. ஏற்றும் ஐந்து நாளும் தினம் ஒன்று, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், தண்ணீர் மாற்றிய ஒவ்வொரு முறையும் ஒன்று என்று வைத்தால் ஒரு முப்பது நாள் சுற்றுக்கு இருபத்தைந்து வரை ஆகும். மீட்டர் வாங்கும்போதே ஒரு டப்பாவும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பாதியில் பாக்கெட் தீர்ந்து, கூரியருக்குக் காத்திருக்கும் வாரத்தில்தான் அளவு இறங்கும்.

இன்னொரு பயனும் இதற்குண்டு. கடையிலிருந்து மீன் வந்தவுடன் பையிலிருக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள். சில கடைகளில் விற்பனைத் தொட்டி முழுவதிலும் கொஞ்சம் காப்பர் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சிறு அளவு நோயைக் கொல்லாது, அமுக்கி மட்டும் வைக்கும். மீன் பளிச்சென்று தெரியும், வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் வெடிக்கும். குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீனாக இருந்தாலும் சரி, கடையில் கடலில் பிடித்த மீன்களோடு ஒரே தண்ணீரில் ஒரு நாள் இருந்திருந்தால் அதற்கும் தனித்தொட்டி வேண்டும்.

காப்பரைத் தின்னும் பொருட்கள்

தொட்டியில் மணல், பவளக் கல், சிப்பி எதுவும் கூடாது. கால்சியம் கார்பனேட் காப்பரை இழுத்து வைத்துக்கொண்டு பிறகு எப்போது வேண்டுமானாலும் விடும். வெறும் கண்ணாடி, ஒளிந்துகொள்ள பிவிசி எல்போ, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், மூடி, அவ்வளவே. கார்பன் வேண்டாம். மின்வெட்டுக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். முப்பது டிகிரி தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, காப்பர் செவுளையும் உறுத்துகிறது, அரை மணி நேரம் காற்று நின்றால் பெரிய மீன் முதலில் சாயும்.

தண்ணீர் மாற்றும் இடத்தில்தான் பெரும்பாலான சுற்றுகள் உடைகின்றன. 58 லிட்டரில் 2.4 இருக்கிறது. 15 லிட்டரை எடுத்துவிட்டு வெறும் கடல்நீர் ஊற்றினால் அளவு 1.78-க்கு இறங்கிவிடும். எல்லைக்கு வெகு கீழே, அன்றைய ராத்திரி ஒட்டுண்ணிக்குத் திருவிழா. புதுத் தண்ணீரை வாளியிலேயே 2.4-க்கு மருந்து கலந்து, அளந்து, பிறகே ஊற்ற வேண்டும். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு நேர் எதிர்: வெறும் ஆர்ஓ தண்ணீர் மட்டும், மார்க்கர் கோடு வரை. காப்பர் ஆவியாகாது. அதற்கும் மருந்து கலந்து ஊற்றினால் பத்து நாளில் அளவு எகிறும். ஆவியானதை நிரப்பாமல் அளந்தாலும் எண் கூடுதலாகக் காட்டும். கோடு வரை நிரப்பி, ஒரு மணி நேரம் கழித்து அளவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அம்மோனியாவுக்கு, ஸ்பாஞ்சை நான்கு வாரம் முன்பே பெரிய தொட்டியின் சம்ப்பில் (வடிகட்டித் தொட்டி) போட்டு வைத்துப் பாக்டீரியா ஏற்றிக்கொள்வதே சரியான வழி. கண்காணிக்க சீகெமின் அம்மோனியா அலர்ட் அட்டை நன்றாக உதவும். நஞ்சான அம்மோனியாவை மட்டும் காட்டும், மஞ்சளிலிருந்து பச்சைக்குத் திரும்பினால் 0.05, உடனே தண்ணீர் மாற்ற வேண்டும். குப்ரமைனில் அமைன் இருப்பதால் மொத்த அம்மோனியா அளக்கும் திரவக் கிட்டுகள் இல்லாத அம்மோனியாவைக் கொஞ்சம் காட்டக்கூடும். இந்த அட்டையில் அந்தக் குழப்பம் குறைவு.

காப்பர் தொடாதவை

செவுள்புழு, தோல்புழு ஆகியவற்றைக் காப்பர் தொடாது. அதற்கு ஹிக்காரியின் ப்ராஸிப்ரோ. 20 கேலனுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது நம் 58 லிட்டருக்கு 3.8 மி.லி. திரவமாக வருவதே இதன் சிறப்பு. வெறும் ப்ராஸிகுவான்டல் பவுடர் தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து வீணாகும். காப்பரோடு சேர்த்தே போடலாம். ஒரு முறை போட்டு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். புழு சாகும், முட்டை சாகாது. அந்த முட்டைகள் நீண்ட நூலிழைகளோடு வலையிலும் பைப்பிலும் சிக்கிக் கிடக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரத்துக்குள் பொரிந்துவிடும், ஆகவே ஏழாம் நாள் இரண்டாவது டோஸ் கட்டாயம், புழுத் தொல்லை கடுமையாக இருந்தால் மூன்றாவதும். தண்ணீரிலுள்ள பாக்டீரியாக்கள் இந்த மருந்தைத் தின்னப் பழகிக்கொள்கின்றன. அதனால் இரண்டாவது டோஸுக்கு முன் கணிசமாகத் தண்ணீர் மாற்றுங்கள். அந்தத் தண்ணீரிலும் காப்பர் கலந்திருக்கட்டும். பாக்டீரியா பெருகும்போது ஆக்சிஜனும் குறையும், காற்றைக் கூட்டி வையுங்கள்.

கோமாளி மீன்களைத் தாக்கும் புரூக்லினெல்லா, குரோமிஸ்களில் சிவந்த புண்ணாக வரும் யூரோனெமா இரண்டுக்கும் காப்பர் வேலை செய்யாது. கோமாளி மீன் உடம்பிலிருந்து வெள்ளைச் சளி தோல் உரிவது போலத் தொங்கினால் மருந்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், அது வேறு நோய், அதற்கு ஃபார்மலின் குளியலோ மெட்ரோனிடசோலோ தேவை. ஃபார்மலினைக் காப்பர் தொட்டியில் ஊற்றக் கூடாது, தனி வாளியில் மட்டும்.

சிலர் காப்பருக்குப் பதில் குளோரோகுயினைச் சொல்வார்கள். மருந்து வலுவானதுதான். ஆனால் தண்ணீரில் அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வீட்டில் அளக்க வழியில்லை. அளக்க முடியாத மருந்தை முப்பது நாள் நம்பி இருப்பதற்கு இந்த மதிப்புரையில் இடமில்லை.

மாண்டரின் மீன், கடற்குதிரை, பைப் மீன், சுறா, திருக்கை ஆகியவற்றுக்கு இந்த மருந்துகளை வாங்காதீர்கள். மற்ற எந்த மீனும் தீனியைத் திடீரென விட்டால் முதலில் மீட்டர், பிறகுதான் யோசனை. எண் எல்லைக்கு மேலே இருந்தால் மருந்தில்லாத கடல்நீரால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவாருங்கள். எண் சரியாக இருந்து மீன் மட்டும் வாடினால் அம்மோனியா அட்டையைப் பாருங்கள்.

முப்பது நாள் முடிந்து மீனை மாற்றியபின் தொட்டி, ஸ்பாஞ்ச், வலை எல்லாவற்றையும் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். கூடுகள் ஈரத்தில்தான் உயிரோடு இருக்கும். ஆனால் ஸ்பாஞ்சிலும் சிலிக்கானிலும் காப்பர் ஊறியிருக்கும். அந்தத் தொட்டி இனி தனித்தொட்டியாகவே இருக்கட்டும். கார்பன் போட்டு, தண்ணீர் மாற்றி, மீட்டரில் 0.00 வந்துவிட்டது என்று அதில் இறாலையோ பவளத்தையோ விட்டுவிடாதீர்கள். இந்த மீட்டரின் 0.00 என்பது 0.05 வரை எதுவாகவும் இருக்கலாம். மீனுக்கு அது ஒன்றுமில்லை, இறாலுக்கு அதுவே எமன்.